சிவப்புத் தாளுக்குள் ராணி

மழை விட்ட அன்று பிடித்த ராணி எறும்பை என் மகள் கண்ணாடிக் குழாயில் போட்டு, வெளிச்சம் தெரியாதபடி சிவப்புத் தாள் சுற்றி, அலமாரியில் வளர்க்கிறாள். இன்று பார்த்தால் அது இட்டிருந்த முட்டைகளைக் காணோம்.

"எத்தன வாட்டிமா சொன்னேன்? தொறந்துகினே இருந்தா பயந்துபோயி தன் முட்டைய அதுவே தின்னுடும். இன்னாத்துக்குத் தொறந்த?"

"உசுரோட கீதான்னு பாத்தேன்" என்றேன்.

சொன்ன வாயோடு ஆவடி குவார்ட்டர்ஸ் அறை நினைவுக்கு வந்துவிட்டது. ஜன்னலை மறைத்த கறுப்புப் போர்வை, மெஷின் எண்ணெய் வாடை. நைட் ஷிஃப்ட் முடித்த அப்பா பகலில் அங்கே தூங்குவார். எதிர்வீட்டு மாமா தூக்கத்திலேயே இறந்துபோனதிலிருந்து எனக்குப் பயம். கதவைத் திறந்து, அப்பாவின் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். வெளிச்சம் அவர் முகத்தில் விழும்.

"கீறேன்மா, நீ போய் வெளாடு" என்பார், கண்ணைத் திறக்காமலே. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் திறப்பேன். சாயங்காலம் சிவந்த கண்களோடு சைக்கிளை எடுப்பார்.

மகள் அலமாரியைப் பூட்டிச் சாவியைக் கையோடு எடுத்துப் போனாள். அதுதான் சரி. அந்த அறைக்கும் உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. அப்பா ஒருநாளும் போட்டதில்லை.