கன்னிமூலை ஜன்னல்

சுற்றிலும் தண்ணீர் கிடக்கிற ஒரு தீவில், கடல் ஆராய்ச்சி நிலையத்துக்குள்ளேயே, உப்புத்தண்ணீர் கிடைக்காமல் கடல் சிப்பிகள் செத்துப்போகும் என்றால் நம்புவீர்களா? நம்பவேண்டாம். அங்கே வேலைக்குப் போகிறவரை நானும் நம்பியிருக்க மாட்டேன்.

விலங்கியலில் பி.எஸ்ஸி. முடித்திருந்தேன். உலகத்தையே தவளை மாதிரி மல்லாத்தி அறுத்துப் பார்த்துவிடலாம் என்ற திமிர். அஞ்சுகிராமத்தில் அப்பாவின் பலசரக்குக் கடை இருந்தது. அதில் உட்கார்ந்து மல்லி நிறுக்க நான் பிறக்கவில்லை என்று தீர்மானம். ஆராய்ச்சி உதவியாளன், தற்காலிகம், என்று உத்தரவு வந்ததும் அப்பா கேட்டார்: "மீனுக்குப் பின்னால நடக்கதுக்கு எதுக்குலே பி.எஸ்ஸி.? பரவன் பிள்ளையா பொறந்திருந்தா சும்மாவே நடந்திருப்பியே?"

"சிப்பிப்பா. மீன் இல்ல."

"ரெண்டும் நாறும்" என்றார்.

ராஜாக்கமங்கலம் பக்கத்தில் காயல் கடலைத் தொடுகிற இடத்தில் ஒரு பாறைத் திட்டு. தெற்கே திறந்த கடல், வடக்கே காயல். அதன் மேல்தான் எங்கள் நிலையம். காயல் பக்கமாகப் படகில் வந்து இறங்கவேண்டும். கடல் பக்கம் பாறை செங்குத்தாக இறங்குகிறது. அங்கே எவனும் இறங்கமாட்டான், ஆனி ஆடியில் நண்டுகூட இறங்காது.

திருவனந்தபுரத்திலிருந்து ஆராய்ச்சியாளர்கள் வந்து தங்கி வேலை செய்வார்கள் என்று சொல்லிக் கட்டியது அது. நான்கு அறைகள் கொண்ட விடுதி, அதை ஒட்டி ஆய்வகம். கட்டில்கள் இரும்பு, உப்புக்காற்றில் துருப்பிடித்து, படுத்து எழுந்தால் வேட்டியில் காவி ஏறிவிடும், சாமியார் ஆகிவிடலாம். நுண்ணோக்கி இரண்டு. ஒன்றின் கண்ணாடியில் பூஞ்சை பிடித்திருந்ததால் எதை வைத்துப் பார்த்தாலும் பூஞ்சைதான் தெரியும். ஃபார்மலின் ஜாடிகளில் முன்பு எப்போதோ யாரோ ஊறப்போட்ட மீன்கள் வெளிறிப்போய் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. வந்து தங்குவதாகச் சொன்ன ஆராய்ச்சியாளர்களில் ஒருத்தர் மட்டும் வந்தார். மறுநாள் காலையே தலைவலி என்று படகேறிவிட்டார்.

ஆக நிலையத்தில் மொத்தம் மூன்று பேர். பொறுப்பாளர், நான், சமையல் செய்கிற அக்கா. பொறுப்பாளர் சுசீந்திரம் பக்கத்துக்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும், வழுக்கை, சிப்பியைப் பற்றிப் பேசும்போது மட்டும் முகத்தில் ஒரு மாப்பிள்ளைக் களை வரும். அக்கா கரையிலுள்ள மீனவக் குடும்பம். கழுத்தில் ஜெபமாலை, வாயில் வெற்றிலை, எங்கள் இருவரையும் பார்த்தால் ஒரு சிரிப்பு.

பொறுப்பாளரின் ஆராய்ச்சி இதுதான். பாறையில் ஒட்டி வளர்கிற சிப்பியைக் கயிற்றில் ஒட்டவைத்துத் தொட்டியில் வளர்க்கவேண்டும். குஞ்சுகள் கயிற்றில் பிடித்து உயிரோடு வளர்வதைக் காட்டிவிட்டால் இலாகா பணம் ஒதுக்கும், நிலையம் நிலைக்கும். காட்டாவிட்டால் மூடிவிடுவார்கள். எங்கள் தாலுக்காக்கள் திருவனந்தபுரத்தை விட்டுச் சென்னையோடு சேரப்போகின்றன என்று அப்போதே பேச்சு அடிபட்டது. திருவனந்தபுரத்துக்காரனுக்குப் போகிற ஊருக்குச் செலவழிக்க மனசில்லை. சென்னைக்காரனுக்கு இப்படி ஒரு தீவு இருப்பதே தெரியாது.

அக்கா இதைக் கேட்டுவிட்டு வாயில் முந்தானையை வைத்துச் சிரித்தாள். "பாறையில போயி சொரண்டினா ஒரு கடவப்பெட்டி சிப்பி கெடைக்கும். அதுக்கு நீங்க தொட்டில் கட்டி ஆட்டுதியளாக்கும்?"

"இது சயின்ஸ் அக்கா."

"கறி வச்சா ருசி மாறுமா பிள்ளே?"

"மாறாது."

"பின்ன என்ன சயின்சு?"

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உப்புத்தண்ணீர்.

திருவனந்தபுரத்து இஞ்சினியர் போட்ட வரைபடத்தில், ஆய்வகத்துக்குக் கடல்தண்ணீர் எடுக்கும் குழி கட்டிடத்தின் தென்மேற்கு மூலையில் இருந்தது. அங்கேதான் கடல். மூளையுள்ள எவனும் அங்கேதான் போடுவான். ஆனால் தென்மேற்கு என்றால் நம் ஊரில் என்ன? கன்னிமூலை. கன்னிமூலையில் எவனாவது குழி தோண்டுவானா? வீட்டுக்கே கேடு. குழியோ கிணறோ, தண்ணீர் என்றால் ஈசானத்தில், வடகிழக்கில்தான். மயிலாடியிலிருந்து கல்லுவேலைக்கு வந்த கொத்தனார் வரைபடத்தைப் பார்த்தார், பாவம் இஞ்சினியருக்கு விவரம் போதவில்லை என்று நினைத்தார், குழியை அப்படியே தூக்கி வடகிழக்கில் வைத்துவிட்டார். அதாவது காயல் பக்கம். கன்னிமூலை காலியானதால் அங்கே விடுதியின் பெரிய அறை வந்தது. ஆய்வகம் கிழக்கே தள்ளிப்போய் ஈசானக் குழியோடு ஒட்டிக்கொண்டது.

வேலை முடிகிற நேரத்தில்தான் பொறுப்பாளர் வந்து பார்த்திருக்கிறார். அந்தப் பேச்சை அவரே நடித்துக்காட்டுவார்.

"ஓய், இது வீடு இல்லவே. ஆராய்ச்சி நிலையம்."

"உள்ள ஆள் படுத்து உறங்குமா சாரே?"

"உறங்கும்."

"அடுப்பு எரியுமா?"

"எரியும்."

"அப்ப வீடுதான்" என்று சொல்லிவிட்டுக் கொத்தனார் கரண்டியைக் கழுவியிருக்கிறார்.

கோடையில் ஒன்றும் தெரியவில்லை. கடல் காயலுக்குள் ஏறி நிற்கும், குழித் தண்ணீர் உப்பாகவே இருந்தது. மழை வந்து ஆற்றுவெள்ளம் காயலில் இறங்கியதும் குழியில் பால்காபி நிறத்தில் நல்ல தண்ணீர் ஊறியது. குடிக்கலாம், குளிக்கலாம், துணி துவைக்கலாம். சிப்பி வளர்க்க மட்டும் முடியாது. ஒவ்வொரு மழைக்கும் தொட்டிகள் காலி. நான் சேர்ந்தபோது பொறுப்பாளர் அங்கே நான்கு மழைக்காலம் பார்த்திருந்தார்.

"சார், தென்மேற்கில் புதுசா ஒரு குழி வெட்டிருவோம். நானே கடப்பாரை பிடிக்கேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. டாக்டர் பட்டத்துக்கு உழைத்துக்கொண்டிருந்த மனுஷன் அவர். "கன்னிமூலையில கொழியா? எனக்கு ரெண்டு பொட்டப்பிள்ளைய இருக்குடே" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

வழி பிறகு கிடைத்தது. கன்னிமூலையில் குழிதான் ஆகாது, பாரம் ஏற்றலாம். ஏற்றினால் நல்லது என்றுகூடச் சொல்வார்கள். பெரிய அறையின் ஜன்னல் நேராகக் கடலுக்கு மேலே திறந்தது. கயிறு கட்டி வாளியை இறக்கினால் சுத்தமான உப்புத்தண்ணீர். பலாமரத்தில் நான்கு தொட்டி செய்வித்து அந்த அறையில் வைத்தோம். அங்கிருந்த கட்டில்களை ஆய்வகத்துக்குத் தள்ளினோம். படுக்கிற இடத்தில் ஆராய்ச்சி, ஆராய்ச்சி செய்கிற இடத்தில் படுக்கை. ஃபார்மலின் நாற்றத்தில் தூங்கி எழுந்தால் எனக்கே நான் பதப்படுத்தப்பட்டவன் போலிருக்கும்.

ஆனால் சிப்பி பிடித்தது! தென்னங்கயிற்றில் கருப்பாக, கடுகு மாதிரி, பிறகு மிளகு மாதிரி. ஜன்னல் வழியாக நாள் முழுக்க வாளி இறக்கி ஏற்றினோம். என் உள்ளங்கை காய்த்தது. பொறுப்பாளர் கயிற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பாருடே, அசையுது பாரு" என்பார். ஒன்றும் அசையாது. இருந்தாலும் "ஆமா சார்" என்பேன்.

அப்போதுதான் செய்தி வந்தது. நிலையம் வேண்டுமா வேண்டாமா என்று முடிவுசெய்ய இலாகாவின் பெரிய அதிகாரி நேரில் வருகிறார். ஓரிரவு தங்குவார்.

நான் குதித்தேன். இப்போதே வரட்டும், காட்டிவிடலாம். பொறுப்பாளருக்கோ முகம் கறுத்தது. "எங்கடே படுக்க வைக்க?"

"மத்த மூணு ரூம் இருக்கே."

"ஒழுகுது."

"ஆய்வகத்துல?"

"வீட்டுக்கு வந்த பெரிய மனுஷன, செத்த மீனுக்க எடையிலயா? உனக்கு வெவரமே கெடையாதா? பெரிய ரூமுதான். தொட்டிய ஒரு ராத்திரிக்கு அங்கோட்டு மாத்து. காலையில அவரு பாத்துட்டுப் போயிருவாரு."

"தண்ணி மாத்தணுமே சார்."

"ஒரு ராத்திரி தாங்கும்."

வீட்டுக்கு வந்தவனை நல்ல அறையில் படுக்கவைக்காமல் நாஞ்சில்நாட்டுக்காரனுக்குச் சோறு இறங்காது. தொட்டிகளை ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆய்வகத்துக்குச் சுமந்தோம், தண்ணீர் பாதி தரையில் சிந்தியது. கட்டிலை அறைக்குள் போட்டு, அக்கா கரையிலிருந்து கொண்டுவந்த வெளுத்த விரிப்பை விரித்தோம்.

அதிகாரி மழையோடு வந்தார். கோட்டயம் பக்கத்துக்காரர், நல்ல மனுஷன், தொப்பலாக நனைந்திருந்தார். "காலையில் காணலாம், கேட்டோ" என்று சொல்லிவிட்டுக் கஞ்சி குடித்துப் படுத்துவிட்டார். காலையில் அவருக்குக் காய்ச்சல். காயலில் வெள்ளம் இழுத்ததால் படகுக்காரன் அந்தக் கரையிலிருந்தே கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். அதிகாரி கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கடல்காற்று உடம்புக்கு ஆகாது என்று ஜன்னலை அடைத்துவிட்டுப் படுத்திருந்தார். அந்த ஒரு ஜன்னலை விட்டால் தீவில் உப்புத்தண்ணீர் எடுக்க வேறு இடம் கிடையாது.

மத்தியானத்தில் தொட்டித் தண்ணீர் கலங்கத் தொடங்கியது. சாயங்காலம் ஒரு வாடை.

"சார், சொல்லிருவோம். ஒரு நிமிஷம் ஜன்னலத் திறந்தா போதும்."

"என்னன்னு சொல்லுவ? சாரே, ஆய்வகத்துக்குத் தண்ணி உங்க கட்டிலுக்கு மேல கூடிதான் வரணும்னா? நாலு வருஷம் என்ன செஞ்சன்னு கேப்பாருடே. கொழி எங்கன்னு கேப்பாரு."

"கேக்கட்டும். சிப்பி உயிரோட இருந்தா போதாதா?"

அவர் குனிந்து தொட்டியை முகர்ந்து பார்த்தார். நானே வாளியை எடுத்துக்கொண்டு, கயிற்றைத் தோளில் சுற்றி, அதிகாரியின் அறைக்கு நடந்தேன். தூங்கினால் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம், விழித்திருந்தால் சொல்லிவிடலாம் என்று திட்டம். கதவைத் தள்ளினேன். விழித்திருந்தார். என்னையும் வாளியையும் கயிற்றையும் மாறிமாறிப் பார்த்தார்.

"எந்தா? கயிறு எதுக்கு?"

வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து பொறுப்பாளர்: "குளிக்க வெந்நீர் போடட்டுமான்னு கேக்க வந்தான் சார்."

"குளியா? காய்ச்சல்காரனுக்கா?" என்று அதிகாரி சிரித்தார். "வேண்டாம். கொஞ்சம் சுக்குக் காப்பி கிட்டுமா?"

என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார் பொறுப்பாளர். கதவை மெல்லச் சாத்தினார். நான் திட்டத்தான் திரும்பினேன். அவர் என் தோளிலிருந்து கயிற்றைக் கழற்றி வாளிக்குள் சுருட்டி வைத்துக்கொண்டிருந்தார். சுக்குக் காப்பி போடச் சொல்லி அக்காவிடம் போனேன்.

"சொல்லலையா?" என்றாள் அக்கா.

"இல்ல."

"ரெண்டு படிச்ச ஆளுக்கும் நாக்கு இல்ல" என்று சுக்கை நச்சென்று தட்டினாள்.

மறுநாளும் காய்ச்சல். அதற்கு அடுத்த நாள் வெயில் அடித்தது, அதிகாரி எழுந்து, சவரம் செய்து, சட்டை மாற்றி, உற்சாகமாக ஆய்வகத்துக்கு வந்தார். ஃபார்மலினையும் மீறி நாற்றம். பொறுப்பாளர் கயிற்றை வெளியே எடுத்தார். எல்லாச் சிப்பியும் வாய் பிளந்திருந்தது. உயிருள்ள சிப்பியைத் தொட்டால் பட்டென்று மூடிக்கொள்ளும். பொறுப்பாளர் ஒன்றைத் தொட்டார். இன்னொன்றைத் தொட்டார். கயிற்றின் மேலிருந்து கீழ்வரை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனார், நாங்கள் எல்லாரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அதிகாரியே அவர் தோளில் கை வைத்து, "மதி" என்றார். போதும் என்று அர்த்தம்.

நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொன்னேன். ஜன்னல், குழி, கன்னிமூலை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு வருத்தத்தோடு, "அப்போள் மழைக்காலத்தில் இவிடே ஆராய்ச்சி நடக்காது, அல்லே?" என்றார். அவர் சொன்னது உண்மைதானே.

அக்கா தொட்டிகளை எட்டிப்பார்த்தாள். "இனி கறி வைக்கவும் ஆகாது" என்றாள். சிரிக்கவில்லை.

படகில் ஏறும்போது அதிகாரி கட்டிடத்தைத் திரும்பிப் பார்த்தார். "நல்ல ரூம். கடல் சத்தம் கேட்டு மூணு நாள் நான் உறங்கிய உறக்கம்! இதொரு பயணியர் விடுதி ஆக்கினால் கொள்ளாம்." நன்றாயிருக்கும் என்கிறார். கேலி இல்லை. அந்த மனுஷன் எங்களுக்கு ஏதாவது நல்லது செய்துவிடவேண்டும் என்றுதான் சொன்னார். சொன்னதைச் செய்தும்விட்டார்.

ஐம்பத்தாறு நவம்பரில் ராஜ்யம் மாறியது, நாங்கள் சென்னையோடு சேர்ந்தோம். பொறுப்பாளரை வடக்கே எங்கோ மாற்றினார்கள். நுண்ணோக்கிகளும் அவரோடு போயின, பூஞ்சை உட்பட. படகில் அவர் பெட்டியை நான்தான் வைத்தேன். சிப்பியைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நின்றேன்.

"அந்த ஜன்னலுக்கு ஒரு திரைச்சீல வாங்கிப் போடச் சொல்லுடே. வெயில் அடிக்கும்" என்றார்.

அப்பா கடைக்கு வந்துவிடு என்று சொல்லி அனுப்பினார். நான் போகவில்லை. ஆராய்ச்சி உதவியாளன் என்ற பெயர் போய் விடுதிக் காப்பாளன் என்று ஆகியிருக்கிறது. இப்போது பெரிய அறையில் நாகர்கோவிலிலிருந்து ஒரு புதுத் தம்பதி வந்து தங்கியிருக்கிறார்கள். மத்தியானத்துக்குக் கோழி கேட்டிருக்கிறார்கள்.