மாதா பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது

பாச்சை உருண்டையும் உருகின மெழுகுவத்தியும் சேர்ந்த வாசனை ஒன்று உண்டு. கோயிலில் பழைய அங்கி அலமாரியைத் திறந்தால் வரும், யார் வீட்டிலாவது பரணிலிருந்து பெட்டியை இறக்கினால் வரும். அது மூக்கில் பட்டதும் என் கால் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். அப்போதெல்லாம் இதை எழுதிவிட வேண்டும் என்று நினைப்பேன், ஆனால் கை வராது. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். எழுதத் தெரியாமல் எழுதி மாதாவின் பேருக்கு ஏதாவது குறை வந்துவிட்டால் என்ன செய்வது என்கிற பயம் ஒரு பக்கம், அம்மாவின் பேச்சை எடுத்தாலே சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போகிற தம்பி இன்னொரு பக்கம். இப்படியே வருஷங்கள் ஓடி, என் பிள்ளைகளின் பிள்ளைகளே பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டார்கள். இனியும் தள்ளிப்போட்டால் சொல்ல ஆள் இருக்காது என்பதால் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நான் எட்டாவது படித்தது கன்னியர் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடத்தில். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடல் இரைச்சல் வகுப்புக்குள் கேட்கிற தூரத்தில், மஞ்சள் சுண்ணாம்பு அடித்த உயர்ந்த மதிலுக்குள் அது இருந்தது. சனிக்கிழமை மதியம் பாடம் கிடையாது, "சபை நேரம்". பாட்டுச் சபைக்குக் குரல் வேண்டும். சாரணியர் படைக்குச் சட்டையும் பூட்ஸும் வேண்டும். நாடகத்துக்கு நிறமும் உயரமும் பார்த்து எடுப்பார்கள். பின்னல் வேலை வகுப்பில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற "சொல்தா" வீட்டுப் பெண்கள் சீமை நூல்கண்டுகளோடு உட்கார்ந்திருப்பார்கள். மில் தொழிலாளி மகளான எனக்குக் கட்டுப்படியானது மாதா சபை ஒன்றுதான். அதற்கு வேண்டியதெல்லாம் கழுத்தில் கட்ட ஒரு நீல நாடா. அதை எல்லோரும் "ரூபான்" என்போம். என் ரூபானை அம்மா வாராவாரம் துவைத்துக் கஞ்சி போட்டுத் தருவாள். கன்னியர் மடத்துப் பீடத் துணிகளை வெளுத்துக் கஞ்சி போட்டுக் கொடுப்பதும் அவள்தான். அந்த வருஷம் பெரிய துணிகளைப் பிழிய என்னைக் கூப்பிட ஆரம்பித்திருந்தாள். வளர்ந்துவிட்டேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

மாதா சபைக்கு ஒரு பெட்டி உண்டு. முழங்கை உயரம், நீல வர்ணம், முன்பக்கம் இரண்டு கதவு. உள்ளே பாச்சை உருண்டை போட்ட வெள்ளைத் துணியின் மேல் கைகூப்பி நிற்கும் மாதா சுரூபம். வாரம் ஒரு வீட்டுக்கு அது போகும். சபையின் கடைசியில் வட்டமாக நின்று செபமாலை சொல்வோம். பத்து பத்து மணியாக ஐந்து பேர் முன்னால் சொல்ல, மற்றவர்கள் பின்னால் சொல்வார்கள். ஐந்தாம் பத்தை யார் சொல்கிறாளோ அவள்தான் அன்று பெட்டியை வீட்டுக்குத் தூக்கிப் போக வேண்டும். வாசல் பக்கத்திலிருந்து வரிசையாக முறை வரும். வெள்ளையடித்து, தெருவில் கோலம் போட்டு, பாயசம் வைத்துப் பெட்டியை வரவேற்ற வீடுகள் எனக்குத் தெரியும்.

பள்ளி திறந்த சில வாரத்தில் எங்கள் சபையை நடத்திய சிஸ்டர் கிளாரா, ஏனென்று சொல்லாமல், அந்த வரிசையை மாற்றினார். முறை வராத ஜோஸ்பினைப் பார்த்துத் தலையசைத்தார். பெட்டி அவள் வீட்டில் இருந்த வாரத்தில் அவளுடைய சொல்தா தாத்தா இறந்துபோனார். வயசான மனுஷர், யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் வரிசை தாண்டியது. அந்த வீட்டில் ஒரு சித்தப்பா, மஞ்சள் காமாலை. மூன்றாவதாகப் போன வீட்டில் மூன்று வயசுக் குழந்தை. அந்த அடக்கத்துக்கு ரூபான் கட்டிக்கொண்டு நாங்கள் எல்லோரும் போனோம்.

அதற்குப் பிறகு பெட்டிக்கு வேறு பேர் வந்துவிட்டது. "சாவுப் பொட்டி." முதலில் யார் சொன்னது என்று தெரியாது, அடுத்த திங்கட்கிழமைக்குள் குழாயடி வரைக்கும் வந்துவிட்டது. இரண்டு பேர் ரூபானைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பின்னல் வகுப்புக்குப் போனார்கள். என் பக்கத்தில் நிற்கிற ஸ்டெல்லாதான் எதற்கும் ஒரு வழி வைத்திருப்பவள்.

"ஏய் லூர்து, ஐஞ்சாம் பத்து வரப்போ இருமிடுடி. இருமுறவளப் போய் முன்னால சொல்லச் சொல்ல மாட்டாங்க."

"எல்லாரும் இருமினா?"

"அப்ப யாரு நல்லா இருமுறாங்களோ அவ பொழைச்சா."

அந்தச் சனிக்கிழமை வானம் கறுத்துக் கிடந்தது, கடல் வழக்கத்தைவிடக் கிட்டத்தில் இரைந்தது. நான்காம் பத்து முடிய முடிய, பாதி வட்டம் இருமியது. அதில் நானும் ஒருத்தி. தொண்டை கிழிய இருமினேன். நடுவில் சிரிப்பும் வந்தது. சிஸ்டர் கிளாரா கோபப்படவில்லை. இருமல் அடங்கும்வரை கீழே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தலையைத் தூக்கி, நேராக என்னைப் பார்த்தார்.

"லூர்துமேரி, ஐந்தாம் பத்து."

என் முறை வர இன்னும் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஸ்டெல்லா ஒரு அடி தள்ளி நின்றுகொண்டாள்.

பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாய்க்கால் பாலத்தைத் தாண்டி, மார்க்கெட் சந்தடியைத் தாண்டி, எங்கள் வீடு இருந்த சாரம் பகுதிக்கு நடந்தேன். நடக்க நடக்க உள்ளே சுரூபம் பலகையில் டொக்கு டொக்கென்று இடித்தது. ஒவ்வொரு இடிக்கும் எனக்குத் தம்பி பவுலின் முகம்தான் வந்தது. ஆறு வயசு, பிறந்ததிலிருந்தே மூச்சு இழுப்பு. எங்கள் வீட்டில் யாராவது சாகப்போகிறார் என்றால் அது அவனாகத்தான் இருக்கும் என்று முடிவே செய்துவிட்டேன்.

எதிர்வீட்டு மங்கை அக்கா தெருவிலேயே மறித்தார். எங்கள் வேதம் இல்லை, ஆனால் வேளாங்கண்ணிக்கு எங்களோடு வந்து முடி கொடுத்தவர்.

"அடிப்பாவி, அத்த இன்னாத்துக்குத் தூக்கினு வந்த? புள்ள இருக்கற வூடு. கோயில்லயே வச்சிட்டு ஓடியாந்துடு, நான் ஒண்ணும் பாக்கல."

அம்மா வெளியே வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, என் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

நைனா ஷிப்ட் முடிந்து வந்ததும் சண்டை. எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அம்மா முன்னால் குரல் உயர்த்தாத மனுஷர் அன்றைக்கு உயர்த்தினார்.

"மில்லு கேட்டாண்டயே கேக்கறானுங்க, உங்க வூட்டுக்குப் பொட்டி வந்துடுச்சாமேன்னு. புள்ளைக்கு இழுப்பு இருக்குது. தெரிஞ்சுமா வைக்கிற?"

"மாதா வந்து நிக்கிறப்போ கதவச் சாத்தச் சொல்றீங்களா? நீங்களே சாத்திக்குங்க. எனக்குக் கை வராது."

நைனாவுக்கும் வரவில்லை. மாடத்தில் பெட்டியின் கதவைத் திறந்துவைத்து அம்மா மெழுகுவத்தி ஏற்றினாள்.

அந்த வாரம் முழுவதும் நான் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தின்பதைப் பார்த்தேன், மூச்சு விடுவதைப் பார்த்தேன். கிணற்றுப் பக்கம் போனால் பின்னாலேயே போனேன்.

"அக்கா, ஏன் என் மூக்காண்ட கைய வெக்கிற?"

"ஈ உக்காந்துச்சுடா."

"நேத்தும் ஈயா?"

நைனாவும் அவனைத்தான் பார்த்தார். மங்கை அக்காவும் வாசலுக்கு வெளியே நின்று, "எங்க அவன், ஆளக் காட்டு" என்று காலையிலும் மாலையிலும் பார்த்துவிட்டுப் போனார். அம்மா தண்ணீர்க் குடத்தை இடுப்பு மாற்றித் தூக்குவதையும், இடது கையை உடம்போடு ஒட்டியே வைத்திருப்பதையும், மாடத்தின் முன்னால் அடிக்கடி போய் நிற்பதையும் எல்லோர் கண்ணும் கண்டது. யாரும் பார்க்கவில்லை.

மறு சனிக்கிழமை விடிந்தது. தம்பி பழையது கேட்டு அழுதான். அந்த அழுகையைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோயிற்று. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினேன். பள்ளி வாசலிலேயே ஸ்டெல்லாவிடம் சத்தமாகச் சொன்னேன்: "ஒண்ணுமே ஆவலடி!" அவள் பெட்டியைத் தொட்டே பார்த்துவிட்டாள்.

சிஸ்டர் கிளாராவிடம் நீட்டினேன். "தம்பி நல்லா இருக்கான் சிஸ்டர்."

அவர் வாங்கிக்கொள்ளவில்லை. "அம்மா எப்படி இருக்காங்க?"

"அம்மாவுக்கு என்ன சிஸ்டர், நல்லாத்தான் இருக்காங்க."

அவர் என் தலையில் கைவைத்தார். வெகுநேரம் அந்தக் கையை எடுக்கவில்லை. பிறகு, "பெட்டி இன்னும் கொஞ்ச நாள் உங்க வீட்டிலேயே இருக்கட்டும் கண்ணு" என்றார்.

ஒரே வீட்டில் இரண்டாவது வாரம் பெட்டி தங்கியதில்லை. திரும்பி நடந்த வழி எனக்கு ஞாபகமில்லை. உள்ளே இடித்த டொக்கு டொக்கு மட்டும் ஞாபகம் இருக்கிறது. வீட்டில் அம்மா துவைகல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். பெட்டியைப் பார்த்ததும் அவள் முகம், வெகுநாள் காத்திருந்த உறவுக்காரரைப் பார்த்ததுபோல் இளகியது. ஏன் திருப்பிக் கொண்டுவந்தாய் என்று அவள் கேட்கவே இல்லை.

"அம்மா, நீ ஏம்மா ஒண்ணும் கேக்கல?"

"நாந்தான்டி இருக்கட்டும்னு சொன்னேன்."

அம்மா என் கையைப் பிடித்து, ரவிக்கைக்கு மேல், இடது அக்குளுக்குக் கீழே வைத்தாள். கொட்டைப்பாக்கு மாதிரி ஒன்று, கல்லாக, விரலுக்கு நகராமல் இருந்தது. சிஸ்டர் கிளாராதான் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாராம். ரொம்பத் தாமதம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"மாதா யாரையும் கொண்டுபோக வரலடி. ஜோஸ்பின் வூட்டுத் தாத்தாவும் அப்பிடித்தான், அந்தக் கொழந்தையும் அப்பிடித்தான். போகப்போற உசுருன்னு தெரிஞ்சுதான் சிஸ்டர் அனுப்புவாங்க. கூட ஒருத்தி இருக்கட்டும்னு. எனக்குப் பயமா இருந்துச்சு. அதான் கேட்டேன்." முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு சொன்னாள்: "நைனாவுக்கு இப்ப சொல்லாத. மிஷினாண்ட நிக்கறவரு."

மழைக்காலம் தொடங்கும்வரை பெட்டி எங்கள் வீட்டில் இருந்தது. மில் சங்கு ஊதுகிற ஒரு விடியற்காலையில் அம்மா போனாள். முதலில் ஓடிவந்தவர் மங்கை அக்கா. அத்தனை நாளும் வாசற்படி மிதிக்காதவர், நேரே உள்ளே வந்து, அணைந்துகிடந்த மெழுகுவத்தியைத் தன் கையாலேயே ஏற்றினார். ஆனால் பாடை தெருவைத் தாண்டுவதற்குள், "பாத்தியா, நாலாவது வூடு" என்று ஒரு குரல் கேட்டது.

மாதா சபை அத்தோடு முடிந்தது. பெட்டியைக் கோயில் பின்னறை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். சிஸ்டர் கிளாராவை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். போகும்வரை அவர் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கு நெடுநாள் ஆத்திரம். நான் ஒரு வீட்டுக்காரியாகி, நோயாளிகளுக்குப் பணிவிடை செய்த பிறகுதான் புரிந்தது: அவர் உண்மையைச் சொல்லியிருந்தால், அடுத்து எந்தக் கதவின் முன்னால் பெட்டி நின்றாலும் அந்த வீட்டு நோயாளி அதை ஒரு தீர்ப்பாக அல்லவா பார்த்திருப்பார். ஊர் தன்னைப் பேசினால் பேசட்டும் என்று விட்டுவிட்டார்.

போன மாதம் பேத்தியைக் கூட்டிவர அதே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். நாங்கள் வட்டமாக நின்ற அறையில் வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். சனிக்கிழமையில் கராத்தே சொல்லித் தருகிறார்களாம். ரூபான் என்றால் என்ன என்று பேத்தி கேட்டாள். பெட்டியைப் பற்றி விசாரித்தேன், அப்படி ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியவில்லை. ஆனால் போனில் மட்டும் அது சுற்றிக்கொண்டிருக்கிறது. தொட்ட வீட்டையெல்லாம் காவுவாங்கிய சுரூபம் என்றும், ராத்திரியில் கண் திறக்கும் என்றும், பதினொரு வீடு என்றும் யாரோ எழுதியதை என் மருமகளே எனக்கு அனுப்பினாள்.

அதனால் இதைப் படிக்கிறவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். யாரிடமாவது சொன்னால் இங்கே இருக்கிறபடியே சொல்லுங்கள். நாங்கள் வட்டமாக நின்று பொய்யாக இருமியதையும் விடாமல் சொல்லுங்கள். வீடுகளைக் கூட்டாதீர்கள். சுரூபம் கண் திறந்தது என்று சேர்க்காதீர்கள், அது எப்போதும் கண் தாழ்த்தித்தான் நின்றது. என் அம்மா பயப்படவே இல்லை, பெரிய விசுவாசி என்றும் தயவுசெய்து சேர்க்காதீர்கள். அவள் பயந்தாள். பயந்ததால்தான் கூப்பிட்டாள், கூப்பிட்டதால்தான் மாதா வந்தாள், கடைசிவரை இருந்தாள்.