சியாமளாக்காவின் இரண்டு டிரம்கள்

செய்தி வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. டெக்ஸாஸின் சுகர் லேண்டில் ஃப்ரீவேயை விட்டு இறங்கி, மளிகைக் கடை வாசலில் காரை நிறுத்திவிட்டுப் போனைப் பார்த்தேன். சியாமளாக்கா காலையில் போய்விட்டார். கணையத்தில் வந்த புற்றுநோய், எதிர்பார்த்ததுதான். இருந்தாலும் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன். அழுது முடித்து மறுபடி படித்தபோதுதான் மீதி கண்ணில் பட்டது. ‘பக்தி மிகுந்த குடும்பத் தலைவி, அடக்கமே உருவானவர்’ என்று எழுதி, யார் வீட்டு கிரகப்பிரவேசத்திலோ அவர் பட்டுப்புடவையில் கைகூப்பி நிற்கிற படத்தைப் போட்டிருந்தார்கள். வந்ததே கோபம் எனக்கு. அடக்கமாவது! இந்த மனுஷி உங்களிடம் என்றைக்கு அடங்கினார்?

அன்று மாலையே கோயில் கமிட்டியின் செயலாளர் அம்மாள் கூப்பிட்டார். இரங்கல் கூட்டத்தில் நான் மூன்று நிமிஷம் பேச வேண்டுமாம். “ஆனா அந்தத் துப்பாக்கி மேட்டர் மட்டும் வேண்டாம்மா. கிட்ஸெல்லாம் வருவாங்க. நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க, போதும்” என்றார். பிள்ளைகளுக்காக என்றால் ஒரு நாகரிகமாவது இருந்திருக்கும். அடுத்த மூச்சிலேயே, “அதைத் தொட்டுத் தொட்டுத்தானே இந்த வியாதி வந்ததுன்னு எல்லாரும் சொல்றாங்க” என்றும் சொன்னார். குண்டில் ஈயம் இருப்பதால், வருஷா வருஷம் ரத்தத்தில் அது ஏறியிருக்கிறதா என்று பரிசோதித்துக்கொண்டவர் அக்கா. ஏறவில்லை என்பது எனக்கும் தெரியும், அவருடைய டாக்டருக்கும் தெரியும். “கமிட்டில யாரு டாக்டர்?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன்.

அவரை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அறியாதவர்களுக்கு ஒரு விளக்கம். துப்பாக்கி சுட்டால் குண்டுதான் பறந்து போகும். அதைத் தாங்கியிருந்த பித்தளைக் கூடு கீழே விழும். அந்தக் கூட்டைக் கழுவி, விரிசல் இருக்கிறதா என்று சோதித்து, மறுபடி மருந்தும் குண்டும் நிரப்பிப் பயன்படுத்தலாம். டெக்ஸாஸில் இதைப் பொழுதுபோக்காகச் செய்பவர்கள் ஏராளம். சியாமளாக்கா அவர்களில் ஒருவர். வார நாட்களில் எண்ணெய்க் கம்பெனியில் என் பக்கத்து மேஜையில் பைப்லைன் வரைபடம் போடுவார். சனிக்கிழமை காலையில் இலக்குப் பலகையில் சுடுவார். ஞாயிற்றுக்கிழமை காரேஜில் உட்கார்ந்து கூடு கழுவுவார். பொழுது சாயக் கோயிலுக்கு வருவார். இவற்றில் எதையும் அவர் ஒளித்ததில்லை. ஒளிக்கச் சொன்னவர்கள் நாம்தான்.

ஒரே ஒரு முறை அவரோடு அவர் சுடுகிற மைதானத்துக்குப் போயிருக்கிறேன். சுட்டு முடித்ததும் எல்லாரும் காபி குடிக்கப் போனார்கள். அக்கா மட்டும் சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு குனிந்து கூடு பொறுக்கினார். பக்கத்தில் சுடுகிற வேய்ன் என்ற பெரியவர், பெருக்குவதற்கு ஆள் இருக்கிறது மேடம், விட்டுவிடுங்கள் என்றார். “நான் போட்டதை நான்தான் எடுக்கணும்” என்று அவருக்கு இங்கிலீஷில் சொல்லிவிட்டு, என்னிடம் திரும்பி, “திருச்சியில என்.சி.சி. கேம்ப்ல ஒரு ஹவில்தார் இருந்தாருடி. சுட்டதுக்குக் கணக்கா காலிக்கூடு ஒப்படைச்சாத்தான் சாப்பாடு. ஒண்ணு குறைஞ்சாலும் மொத்தப் பேரும் வெயில்ல புல்லைத் துழாவணும். அந்தப் பசி இன்னும் போகல” என்று சிரித்தார். கொஞ்ச நேரத்தில் வேய்னும் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பொறுக்க ஆரம்பித்துவிட்டார்.

அவர் முதன்முதலில் கூடு கழுவிய கதையை அவர் வாயாலேயே கேட்க வேண்டும். பித்தளை என்றால் நமக்கு வேறென்ன தோன்றும்? ஒரு பாத்திரம் நிறையப் புளியைக் கரைத்து, கல்லுப்பு போட்டு, கூடுகளை ஊறவைத்துவிட்டு ஒரு வளைகாப்புக்குப் போய்விட்டார். வளையல் அடுக்கி, கலந்த சாதம் ஐந்து வகையும் சாப்பிட்டு, ஊர்வம்பு பேசித் திரும்பி வந்தால் கூடெல்லாம் ரோஜாப்பூ நிறத்தில் கிடந்தன. புளிப்பு பித்தளையில் இருந்த துத்தநாகத்தைத் தின்றுவிட்டது. ஒன்றை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாராம். வேய்ன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதை என்ன, சமைத்தீர்களா?” என்று கேட்டிருக்கிறார். “ரசம் வெச்சேன்” என்றாராம் அக்கா.

அந்தக் கூடு ஒன்றைக்கூட அவர் வைத்துக்கொள்ளவில்லை. குறடால் ஒவ்வொன்றாக நசுக்கி, வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி செய்துவிட்டுத்தான் பழைய பித்தளையோடு போட்டார். “பார்க்க நல்லாத்தானே இருக்கு?” என்று அவர் கணவர் சேதுராமன் சார் கேட்டதற்கு, “சந்தேகம் இருக்கறதை முகத்துக்குப் பக்கத்துல வெச்சு வெடிக்க முடியாதுங்க” என்றாராம். பிறகுதான் மெஷின் வாங்கினார். மோட்டார் மேல் படுத்தபடி சுற்றுகிற ஒரு ரப்பர் டிரம். உள்ளே தண்ணீர், பாத்திரம் கழுவுகிற சோப்பு, சிட்டிகை எலுமிச்சை உப்பு, ஊசி போன்ற பொடி எஃகுக் கம்பிகள். சுற்றி முடிந்ததும் அலசி, காரேஜ் வாசலில் துண்டை விரித்து, வற்றல் காயப்போடுகிற மாதிரி பரப்பிவைப்பார். கையுறை இல்லாமல் தொட மாட்டார். காரேஜுக்குள் ஒரு வாய் காபி குடிக்க விடமாட்டார்.

எனக்குத் துப்பாக்கி பிடிக்காது. இன்றைக்கும் பிடிக்காது. என் மகள் படிக்கிற பள்ளியில் ஒரு நாள், யாரோ துப்பாக்கியோடு வருகிறான் என்ற பயத்தில் பிள்ளைகளை வகுப்புக்குள் பூட்டி, விளக்கை அணைத்து, தரையில் உட்கார வைத்தார்கள். நல்லவேளை, ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அவள் காருக்குள் ஏறி, “I’m fine, Amma” என்று சொன்ன குரல் அவள் குரலாகவே இல்லை. அவளை வீட்டில் விட்டுவிட்டு நேரே அக்காவின் காரேஜுக்குப் போய்க் கத்தினேன். வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் டிரம்மை நிறுத்தினார். கையுறையைக் கழற்றினார்.

நான் ஓய்ந்த பிறகுதான், “உன் கோபம் நியாயம்டி. நான் பதில் சொன்னா அது வெறும் வாதமாப் போயிடும். நீ சொல்றதை நான் மறக்க மாட்டேன். நான் செய்யறதை உனக்காக ஒளிக்கவும் மாட்டேன். பிடிக்கலைன்னா என் மூஞ்சிக்கு நேரா இப்படியே சொல்லு” என்றார். பிறகு உள்ளே கூட்டிப்போய் மோர் கொடுத்தார். அதற்கப்புறமும் பலமுறை சண்டை போட்டிருக்கிறோம். ஒருவர் மனசை ஒருவர் மாற்றவில்லை. எனக்கு நாற்பது வயதுக்கு மேல் கிடைத்த ஒரே தோழி அவர்.

இனி விளக்குக் கதை. இதைத்தான் நான் கூட்டத்தில் சொல்லிவிடுவேனோ என்று கமிட்டி பயந்தது. சில வருஷங்களுக்கு முன்னால், கார்த்திகைக்கு முந்தைய வாரம், நம் கோயிலின் பித்தளை அகல்கள் எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்துக் கிடந்தன. நாங்கள் நாலைந்து பேர் சமையலறைத் தொட்டியில் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து விரல் எரிந்ததுதான் மிச்சம். அக்கா வந்து பார்த்தார். எல்லாவற்றையும் ஒரு வாளியில் அள்ளிக்கொண்டு போனார். மறுநாள் கொண்டுவந்து கொட்டியபோது கூடத்தில் ஆளாளுக்கு ‘ஆகா’ என்றார்கள். அப்படி ஒரு பளபளப்பு. செயலாளர் அம்மாள் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

சேதுராமன் சாருக்குப் பெருமை தாங்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், “எல்லாம் இவளோட மெஷின்தான். புல்லட் கூடு கழுவறாளே, அதே மெஷின்” என்றார். அவ்வளவுதான். “துப்பாக்கிக் குண்டு சுத்தற மெஷின்ல சாமி விளக்கா?” என்று செயலாளர் அம்மாள் நெஞ்சில் கை வைத்தார். தீட்டு என்றார் ஒருவர். பரிகாரம் என்றார் இன்னொருவர். பாதிப் பேர் அகல்களைத் தொடாமல் பின்னால் நகர்ந்தார்கள்.

அக்கா அசரவில்லை. “ஈயம் ஒட்டும்னு எனக்குத் தெரியும். அதனாலதான் விளக்குக்குன்னு புது டிரம் வாங்கினேன், கம்பியும் புதுசு. ரெண்டுக்கும் பொதுவா இருக்கறது மோட்டார் மட்டும்தான். அதுக்கு மேல உங்க மனசுல ஏதாவது ஒட்டியிருந்தா, அதைக் கழுவ என்கிட்ட டிரம் இல்ல” என்றார். அவர் போன பிறகு அந்த அகல்களை மறுபடி புளியும் உப்பும் போட்டு ‘சுத்தம்’ செய்தார்கள். அவசரத்தில் சரியாக அலசவில்லை. கார்த்திகையன்று பாதி அகல்கள் பச்சை பூத்து நின்றன. அந்த வருஷத்திலிருந்து அவர் கையில் விளக்கைக் கொடுப்பதில்லை என்று ஆயிற்று. அவரோ ஒவ்வொரு கார்த்திகைக்கும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். “நான் எதுக்குடி பின்னாடி உட்காரணும்?” என்பார்.

சிகிச்சை நடந்தபோது மெலிந்து பாதியாகிவிட்டார். வாசனை எதுவும் ஆகவில்லை. நிற்க முடியாது. ஆனாலும் காரேஜில் நாற்காலி போடச் சொல்லி, கழுவின கூடுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து விரிசல் பார்ப்பார். பார்க்க வந்த ஒருவர், “இனிமேலாவது இதை விட்டுட்டு ராமா கிருஷ்ணான்னு இருக்கக் கூடாதா?” என்று கேட்டார். “ராமன் மட்டும் வில்லைக் கீழ வெச்சிட்டானா?” என்று அக்கா கேட்டார். வந்தவர் காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். அக்கா வெகுநேரம் சிரித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலியோடு.

அவர் போன பிறகு துப்பாக்கிகளை அவர் சொல்லிவைத்திருந்தபடி உரிமம் உள்ள கடைக்காரர் வந்து முறையாக எடுத்துப் போனார். காரேஜில் கழுவாத கூடுகள் ஒரு வாளி மிஞ்சியிருந்தன. நானும் சேதுராமன் சாரும் கையுறை மாட்டிக்கொண்டு அவற்றைக் கழுவிக் காயவைத்தோம். “அவ இருந்தா, நீங்க அலசினது போதாதும்பா” என்று சொல்லி அவர் அழுதார். வேய்ன் வந்து வாங்கிக்கொண்டு, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார். ஒரு கூட்டை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து, கோயில் கூடத்தில் இரங்கல் கூட்டம். நான் மைக்கைப் பிடித்து, “அக்காவோட காரேஜ்ல...” என்று ஆரம்பித்தேன். செயலாளர் அம்மாள் வந்து என் தோளில் கை போட்டு, “டைம் ஆயிடுச்சும்மா” என்று மைக்கை வாங்கிக்கொண்டார். நானும் கொடுத்துவிட்டேன், சிரித்துக்கொண்டே. ஏன் சிரித்தேன் என்று அன்று யாருக்கும் புரிந்திருக்காது.

சொல்கிறேன். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, கமிட்டியிலிருந்து ஒரு கறுத்த காமாட்சி விளக்கை என்னிடம் கொடுத்து, அக்கா படத்துக்கு முன்னால் ஏற்ற வேண்டும், நன்றாகத் தேய்த்துக் கொண்டுவாருங்கள் என்றார்கள். நான் தேய்க்கவில்லை. அதை அக்காவின் விளக்கு டிரம்மில் போட்டு, அதே மோட்டாரின் மேல் வைத்துச் சுற்றவிட்டேன். அவர் அலசுகிற மாதிரியே அலசினேன். கூட்டத்தன்று செயலாளர் அம்மாள் தன் கையாலேயே அதை ஏற்றினார். ஏற்றிவிட்டு என்னைப் பார்த்து, “எப்படிம்மா இப்படிப் பளிச்சுனு? என்ன போட்டுத் தேய்ச்சீங்க?” என்று கேட்டார். அக்கா வீட்டுப் பக்குவம் என்றேன். “அவங்க பக்தியே பக்தி” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எல்லாரும் வரிசையாக வந்து அந்த விளக்கைக் கும்பிட்டீர்கள். வானம் இடிந்து விழவில்லை. அக்கா என்னிடம் விட்டுப்போனது அந்த மெஷினும், மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிடுகிற வழக்கமும். மெஷின் இப்போது என் காரேஜில் இருக்கிறது. வருகிற கார்த்திகைக்கு அகல்களையெல்லாம் நானே எடுத்துப் போய்க் கழுவிக் கொண்டுவருவேன், எதில் கழுவினேன் என்று கூடத்தில் நின்று சத்தமாகச் சொல்லிவிட்டு முன்வரிசையில் உட்காருவேன்.