துணி ஸ்டாண்டு என்றுதான் சொன்னோம்

மாட்டுங்காவில் எங்கள் ஒற்றை அறையில், ஞாயிற்றுக்கிழமை வந்தால் இரும்புத்தூள் வாசனைதான்... அடுப்பில் கொதிக்கும் சாம்பாரைக்கூட அது அமுக்கிவிடும்.

யுத்த காலம். புது இரும்புக்கு எங்கே போவது? உடைந்த கட்டிலின் குழாய்களை அறுத்து என் வீட்டுக்காரர் ஒரு ஸ்டாண்டு செய்துகொண்டிருந்தார். யார் கேட்டாலும், "துணி ஒணத்தறதுக்கு" என்பார்.

அது தொட்டில் கட்டும் ஸ்டாண்டு என்று கட்டடத்துக்கே தெரியும்.

பிள்ளை பிறக்குமுன் தொட்டில் வாங்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். முதல் தடவை இவர் ஆசைப்பட்டு வாங்கிவிட்டார். அந்தக் குழந்தை தங்கவில்லை. வெறும் தொட்டிலைத் தூக்கிக்கொண்டு இவர் படியிறங்கினார்.

அதனால்தான் இந்த முறை பொய்ப்பேர்.

இவருடைய ரம்பத்தில் இருந்தது பெரிய பல் பிளேடு. மெல்லிய குழாயில் சிக்கிப் பல்லெல்லாம் உதிர்ந்துவிட்டது. வேறு வாங்க இருவரும் தாதர் போனோம். கடைக்காரர் பொடிப்பல் ஹாக்ஸா பிளேடு ஒன்றை எடுத்துப் போட்டு, "டைம் லகேகா, சாப்", அறுபட நேரமாகும் என்றார்.

இவர் தயங்கினார். "ரொம்ப நாள் இழுக்குமே..."

"இழுக்கட்டுமே. வைகாசி வரைக்கும் டைம் இருக்கே!"

வாய் தவறி வந்துவிட்டது. துணி ஒணத்த வைகாசி எதற்கு? இவர் என்னையே பார்த்தார். அந்த பிளேடையே வாங்கினார். சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேனே என்று டிராமில் வழியெல்லாம் சாமியை வேண்டிக்கொண்டு வந்தேன்.

இறுக்கிப் பிடித்துக்கொள்ள வீட்டில் வைஸ் ஏது? குழாயை பெஞ்சில் கட்டி, அசையாமலிருக்க என்னை மேலே உட்கார வைப்பார். அந்த ஞாயிறு புது பிளேடு சத்தமில்லாமல் இறங்கியது... சுர்... சுர்...

பாதி அறுபட்டபோது உள்ளே ஓர் உதை. முதல் உதை.

"ஏன்னா, நிறுத்துங்கோ!"

பதறிப்போய் ரம்பத்தைப் போட்டுவிட்டார். அவர் கையை எடுத்து என் வயிற்றில் வைத்தேன். மறுபடியும் ஓர் உதை.

"துணி ஸ்டாண்டு சீக்கிரம் வேணுமாம்" என்றேன். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். முகமெல்லாம் இரும்புத்தூள்.

இப்போது செம்பூர் வீட்டில் என் பேத்திக்கு இது ஏழாம் மாதம். தொட்டில் பார்சலில் வந்து இறங்கிவிட்டது. போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியாயிற்று. பயமில்லாத காலம்... நல்லதுதான்.

"பாட்டி, தொட்டில் எப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

"துணி ஸ்டாண்டு ரொம்ப அழகா இருக்குடி."

அவளுக்குப் புரியவில்லை. அவள் அப்பா மட்டும் பேப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அன்று உதைத்தவன் அவன்தானே!