வராத வண்டியில் ஒரு நாள்

இது நடந்தது. என்னிடம் சொன்னவர் முப்பத்தோரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குச் சேர்ந்தது என்று எழுதி எழுதியே பழகிய கை. பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால், "உங்களுக்கெல்லாம் வேற வேலையே இல்லையா?" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுகிற மனிதர். அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் இன்றுவரை அவரால் எதையும் அடித்துச் சொல்ல முடியவில்லை. நேரங்களை மட்டும் சொல்கிறார்.

அவரும் மனைவியும் மகளும் முதல்முறையாக விமானம் ஏறியது ஊர் சுற்ற இல்லை. மகன் பெரியவனை எடுத்து வர.

பெரியவன் லிப்ட் மெக்கானிக். வெளிநாட்டில் நாலாவது வருடம். ஒரு மழை நாளில் கம்பெனி வேன் பாலத்திலிருந்து கால்வாய்க்குள் விழுந்தது. ஆள் போய்விட்டான். போனில் வந்தது அவ்வளவுதான். லைன் விட்டு விட்டுக் கேட்டது, மற்றது எதுவும் காதில் ஏறவில்லை.

பன்னிரண்டு நாளாக மனைவியின் வாயில் ஒரே பேச்சுதான். "வண்டி ஓட்டினவன் நல்லா இருப்பானா?" யார் என்ன ஆறுதல் சொன்னாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்பாள்.

அங்கே போய் இறங்கிய மறுநாள் காலை, லாட்ஜ் அறைக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. மகள்தான் இங்கிலீஷில் பேசினாள்.

"ஒரு கையெழுத்து பாக்கியாம்ப்பா. நாளைக்குத்தான் அண்ணனைத் தருவாங்களாம். இன்னிக்கு வண்டி அனுப்புறாங்களாம்... ஊரைச் சுத்திப் பாருங்கன்னு சொல்றாங்க."

"ஊர் சுத்தவா வந்தோம்?" என்றாள் அம்மா.

கண்டக்டர் ஜன்னலைப் பார்த்தார். விடாத மழை. நாலு சுவருக்குள் மூன்று பேரும் நாள் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் பைத்தியம்தான் பிடிக்கும். அதோடு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பெரியவன் போனில் சொல்வான்: "நீங்க வாங்கப்பா. ஒரே நாள்ல ஊரையே காட்டிடுறேன்."

"அவன் பார்த்த ஊரு. நாமளும் பார்த்துட்டுப் போவோம்."

9.10. கீழே ஒரு வெள்ளை வேன் நின்றது. டிரைவர் இறங்கவில்லை. முப்பது வயது இருக்கும். ஒல்லி. தலைமுடி நெற்றியில் ஒட்டிக்கிடந்தது.

"ஏறுங்கப்பா."

"தமிழா தம்பி?"

"ஆமாப்பா."

"எம் பையனைத் தெரியுமா?"

"ரூம்ல பக்கத்துக் கட்டில்ப்பா." கொஞ்சம் நிறுத்தி, "உங்களுக்கு என்னென்ன காட்டணும்னு சொல்லிட்டே இருப்பான். எனக்கு மனப்பாடம்."

பெரியவன் வீட்டுக்குப் பேசினால் வீட்டுக் கதையைத்தான் கேட்பான். அவனோடு யார் இருக்கிறார்கள் என்று சொன்னதில்லை, இவர்களும் கேட்டதில்லை. அது அப்போதுதான் கண்டக்டருக்குச் சுருக்கென்றது.

வண்டிக்குள் சேற்று வாடை அடித்தது. மழைக்காலம், வண்டி என்றால் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார்.

9.50. மணிக்கூண்டு. தாயும் மகளும் ஒரு குடையில், அவர் நனைந்தபடி. சுற்றிலும் குடும்பம் குடும்பமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு பெண் கை நீட்டி, மூன்று பேரையும் சேர்த்து எடுத்துத் தரட்டுமா என்று சைகையில் கேட்டாள். அம்மா தலையாட்டி மறுத்துவிட்டாள்.

முக்கால் மணி நேரம் கழித்து வேன் நின்ற இடத்தை விட்டு நகர்ந்து அவர்கள் அருகில் வந்தது. கண்டக்டரின் கண் தானாகத் தரைக்குப் போனது. மழையில் ஒரு வண்டி அவ்வளவு நேரம் நின்றால், அதற்கடியில் தரை கொஞ்சமாவது காய்ந்திருக்கும். டிப்போவில் ஆயிரம் தடவை பார்த்தது.

அங்கே காயவில்லை. மற்ற இடம் போலவே தண்ணீர் ஓடியது.

வயசாச்சு, கண்ணும் போச்சு என்று தனக்குள் சொல்லிக்கொண்டு ஏறினார்.

ஏறி உட்கார்ந்ததும் இன்னொன்று உறைத்தது. வெளியே கொட்டுகிறது. கூரை தகரம். தட தடவென்று காது அடைக்க வேண்டும். உள்ளே... சத்தமே இல்லை.

12.25. உயரமான கண்ணாடிக் கட்டடம்.

"இந்த லிப்ட் எல்லாம் உங்க பையன் பார்க்குறதும்மா. நின்னு போச்சுன்னா அவனைத்தான் தேடுவாங்க. பதினாலாவது மாடியில மாட்டிக்கிட்ட ஒரு பாட்டி, வெளிய வந்ததும் அவனைக் கட்டிப்பிடிச்சு முத்தம் குடுத்துடுச்சு. ஒரு மாசம் அதை வெச்சே ஓட்டினோம்."

அம்மா சிரித்தாள். பன்னிரண்டு நாளில் முதல்முறை. சிரித்த கையோடு முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"நீயும் வாப்பா, ஏதாவது சாப்பிடலாம்."

"நான் இறங்க முடியாதும்மா."

அவர்கள் மூவரும் உள்ளே போனார்கள். லிப்டில் ஏறிப் பதினாலாவது மாடிவரை போய்த் திரும்பி வந்தார்கள். போகும்போதும் வரும்போதும் அம்மா உள்ளங்கையை லிப்டின் சுவரில் வைத்தபடியே நின்றாள். கதவு திறந்த பிறகும் எடுக்கவில்லை. மகள்தான் மெல்ல விரல்களை எடுத்துவிட்டாள்.

திரும்பி வந்தபோது டிரைவரின் சட்டைக் கை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்... சொட்... அவன் காலையிலிருந்து மழையில் இறங்கவே இல்லை.

"நனைஞ்சிருக்கியே தம்பி?"

"காயவே மாட்டேங்குதுப்பா."



3.42. வேன் ஒரு பாலத்தில் நின்றது. கைப்பிடிச் சுவர் ஒரு இடத்தில் உடைந்திருந்தது. குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். கீழே பழுப்பு நிறத்தில் கால்வாய் ஓடியது.

 எந்த இடம் என்று மூவருக்கும் புரிந்தது.

அம்மா குடையில்லாமல் இறங்கினாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். திரும்பி வந்து ஏறியபோது அவள் முகமே வேறு மாதிரி இருந்தது.

"ஓட்டினவன் தப்பிச்சிருப்பான். எங்கேயாவது உக்காந்து வயிறாரச் சாப்பிட்டுட்டு இருப்பான். அவன் நல்லா இருப்பானா?"

டிக்... டிக்... டிக்... இண்டிகேட்டர் சத்தம் மட்டும்.

"அவன் தப்பிக்கலம்மா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

வேன் நகர்ந்தது.

கண்டக்டர் முன் சீட்டைப் பார்த்தார். ஜன்னலெல்லாம் இவர்கள் மூச்சுக்காற்றில் பனி படர்ந்திருந்தது. அவன் பக்கத்துக் கண்ணாடியில் மட்டும் இல்லை. பளிச்சென்று இருந்தது.

காலடியில் ஏதோ குளிர்ந்தது.

தண்ணீர்.

வளைவில் வண்டி திரும்பும்போது அது ஒரு பக்கம் ஓடி... மறுபக்கம் வந்தது. சளப்... சளப்...

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

4.35. லாட்ஜ் வாசல்.

மூவரும் இறங்கினார்கள்.

"மன்னிச்சிருங்கம்மா." உள்ளேயிருந்து அவன் குரல்.

அம்மா திரும்பினாள்.

சாலை காலி.

மழை மட்டும்.

உள்ளே போனதும் வரவேற்பில் இருந்த பெண் ஒரு சீட்டை நீட்டினாள். மகள் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

"அப்பா... கம்பெனிப் பக்கம் ரோடெல்லாம் தண்ணியாம். வண்டி எடுக்க முடியலையாம். 8.55க்கே போன் பண்ணிச் சொல்லியிருக்காங்க."

"அப்போ வந்தது யாரு?"

அந்தக் கேள்வியோடு மூவரும் மாடி ஏறினார்கள். யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் 10.20. மார்ச்சுவரி. கம்பெனியின் எழுத்தர் காகிதங்களோடு கூட வந்திருந்தார். வேலையாள் நம்பரைத் தப்பாகப் பார்த்து முதலில் வேறொரு உடல் இருந்த தட்டை இழுத்துவிட்டான்.

நெற்றியில் ஒட்டிய முடி. ஒல்லி முகம்.

மகள் வீறிட்டாள். கண்டக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

எழுத்தர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். அவர் சொன்னதை மகள் தமிழில் சொன்னாள். "இது டிரைவராம்மா. அண்ணனோட... அதே வேன்ல... அதே நாள்ல. அநாதை இல்லத்துல வளர்ந்தவராம். தேடி யாரும் வரலையாம்."

அம்மா கத்தவில்லை. தட்டின் அருகே போய் நின்றாள். வெகுநேரம் அந்த முகத்தையே பார்த்தாள்.

"எப்படிக் கிடைச்சாங்கன்னு கேளு" என்றாள்.

வேலையாள் தயங்கிச் சொன்னான். வேனைத் தண்ணீரிலிருந்து எடுத்தபோது இந்த வேலையாளும் அங்கே இருந்தானாம். டிரைவர் பக்கத்துக் கதவு முழுசாகத் திறந்திருந்தது. டிரைவருடைய பெல்ட்டும் கழன்றிருந்தது. அப்படியே வெளியே நீந்தியிருக்கலாம். அவன் உள்பக்கம் திரும்பியிருந்தான். இரண்டு கையும் பெரியவனின் பெல்ட் கொக்கியை இறுகப் பிடித்திருந்தன. அந்த விரல்களைப் பிரிக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

அம்மா குனிந்து அந்த நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். கையை எடுத்துப் பார்த்தாள். விரல் ஈரம்.

"ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறோம்னு சொல்லு."

எழுத்தர் தடுமாறினார். சொந்தக்காரர்களுக்குத்தான் தர முடியும், படிவத்தில் என்ன உறவு என்று எழுத வேண்டும் என்றார். மகள் பேனாவைப் பிடித்தபடி அம்மாவைப் பார்த்தாள்.

"இவனை எங்க மூத்தவன்னு எழுது."