முன்கூட்டியே சொன்ன நன்றி

நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பாக்கிங் வேலைக்குப் போகிறவள். போன மழையில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மூன்றாம் நாள் காலை, கம்பெனி பஸ்ஸுக்காக மெயின் ரோட்டில் நின்றிருந்தேன். ஆளுங்கட்சியின் ஐ.டி. விங் பொறுப்பாளர் போனும் கையுமாக வந்தார். வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டுச் சேறு கிடையாது.

“யக்கா, மோட்டாரு வந்துகினே கீது. நீ சாயங்காலம் வர்றதுக்குள்ள தண்ணி இருக்காது. இப்பவே தலைவருக்கு ரெண்டு வார்த்த நன்றி சொல்லிட்டுப் போ.”

பஸ் வந்துவிட்ட அவசரத்தில், வீடியோ எடுக்க அவர் நீட்டிய போனைப் பார்த்து, “தண்ணியெல்லாம் எடுத்துட்டாங்க, ரொம்ப நன்றி” என்று சிரித்துவிட்டு ஏறிவிட்டேன்.

சாயங்காலம் திரும்பினால் தண்ணீர் வீட்டுக்குள் இருந்தது. காலில் மாவுக்கட்டுப் போட்டிருந்த என் கணவர், கட்டிலுக்கடியில் நுழைந்த பாம்புக்குப் பயந்து அசையாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் அவரை வெளியே தூக்கி வந்தார்கள். மோட்டார் வரவேயில்லை.

மறுநாள் ஊராட்சி அலுவலகத்தில் முறையிட்டேன். அங்கிருந்தவர் தன் போனை நீட்டினார். அதில் நான் சிரிக்கிறேன், தலைவர் கும்பிடுகிறார், பின்னால் பாட்டு வேறு.

“தண்ணிய எடுத்துட்டாங்கன்னு நீயேதாம்மா சொல்லிகினு கீற. இப்ப இன்னா பேஜாரு?”

வேலை செய்யத் துப்பில்லாத கூட்டத்துக்கு வேலை முடிந்துவிட்டது என்று சாட்சி சொன்னவள் நான்தான்.

இப்போதும் ஒவ்வொரு மழைக்கும் அவர்கள் போனைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். எங்கள் தெருத் தண்ணீரில் இறங்கி நின்று வீடியோ எடுத்தால் பேசுகிறேன் என்கிறேன். இதுவரை ஒருவரும் செருப்பைக் கழற்றவில்லை.