துடியலூர் மாடியில் திறந்த வேதியியல் பாடம்

"சும்மா குடுக்கறவங்களுக்கு என்னங்க லாபம்?"

என் மனைவி சரோஜா ஒருமுறை என்னிடம் கேட்ட கேள்வி இது. 1999 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவிநாசி பேருந்து நிலையத்தில் கோவை வண்டிக்காகக் காத்திருந்தபோது கேட்டார். யாரும் எடுத்துத் திருத்திக்கொள்ளத் திறந்து கொடுக்கப்படும் கட்டற்ற மென்பொருளுக்கான கூட்டங்களுக்கு முதல் முறையாகப் போகிறவர்கள் சிலர், எதைக் கொண்டுபோவது, என்ன கேட்பது என்று எனக்கு எழுதியிருந்தார்கள். அவர்களுக்காக எங்கள் முதல் பயணத்தை இங்கே எழுதிவைக்கிறேன்.

நாங்கள் இருவருமே ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். நான் கணக்கு, அவர் வேதியியல். சுற்றுவட்டார நூற்பாலைகளில் வேலை செய்யும் பெண்களைப் பத்தாம் வகுப்புத் தனித்தேர்வுக்குத் தயார் செய்ய, சரோஜா மாலை நேரத்தில் வீட்டில் வகுப்பு எடுத்தார். பாடங்களை எளிய தமிழில் அவரே எழுதிக் கணினியில் தட்டச்சு செய்திருந்தார். அந்தத் தமிழ் மென்பொருளோடு ஒரு பூட்டும் வந்தது. கணினியின் பின்புறம் செருகவேண்டிய, கட்டைவிரல் அளவுச் சாதனம் அது. அது இருந்தால்தான் நிரல் திறக்கும். ஆகஸ்டில் ஒரு நாள் மின்னழுத்தம் எகிறி அது கருகிப்போனது. விற்ற கடையைத் தேடிப் போனால், அங்கே ஐஸ்கிரீம் விற்றுக்கொண்டிருந்தார்கள். கோப்புகளை வேறு நிரலில் திறந்தால் தலையில் புள்ளியும் வாலும் முளைத்த ஆங்கில எழுத்துகளாகக் கொட்டின.

அச்செடுத்த பிரதி இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. முந்தைய ஆண்டு ஒரு டுடோரியல்காரர் அதை நகலெடுத்துத் தன் பெயர் போட்டு விற்றுவிட்டார். அந்தக் கோபத்தில் சரோஜா பெண்களிடமிருந்து எல்லாப் பிரதிகளையும் திரும்ப வாங்கி எடைக்குப் போட்டுவிட்டார். தப்பியது முதல் பாடம் மட்டும். அக்டோபரில் தேர்வு. அந்தப் பெண்கள் ஷிப்ட் முடிந்து வந்து உட்கார்ந்து, "டீச்சர், பாடம் எப்பங்க தருவீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கோவை துடியலூரில் லினக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் மாதம் ஒருமுறை கூடுகிறார்கள் என்று ஒரு கணினி இதழில் துணுக்குச் செய்தி பார்த்தேன். அதை நம்பித்தான் கிளம்பினோம். அவிநாசியிலிருந்து காந்திபுரம் நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், அன்றைக்கு ஆளுக்கு எட்டரை ரூபாய். பாடக் கோப்புகள் இருந்த பிளாப்பி வட்டுகளை முறுக்கு டப்பாவில் போட்டு மடியில் வைத்திருந்தார் சரோஜா.

சரோஜாவைத் தெரிந்த நடத்துநர் குனிந்து பார்த்தார். "ஏனுங்க டீச்சர், முறுக்குங்களா?"

"முறுக்கில்லீங்க, பாடம்."

"அய்யோ, அப்ப நமக்கு வேண்டாமுங்க!"

கருமத்தம்பட்டி தாண்டியதும், காலையில் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிந்த விதத்தில் பதில் சொன்னேன். "பக்கத்து ஊட்டுக்கு உறை மோர் குடுக்கறியே, உன் தயிர் கொறஞ்சா போச்சு? அந்த மாதிரித்தான்."

"உறை மோர் வாங்கிட்டுப் போனவ, 'இது எம்பட தயிரு'ன்னு பலகை எழுதி வித்தாளே, அதுக்கு என்னங்க சொல்றீங்க?"

ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

காந்திபுரத்திலிருந்து மேட்டுப்பாளையம் சாலையில் டவுன் பஸ். சுமார் பத்து கிலோமீட்டர், இரண்டரை ரூபாய். கூட்டம் பழனிச்சாமி என்ற பம்ப் கம்பெனிப் பொறியாளரின் வீட்டு மாடியில். பத்துப் பன்னிரண்டு பேர், மூன்று கணினிகள், ஒரு பெரிய பாத்திரத்தில் தக்காளி சாதம். கணினித் திரையில் வரும் சொற்களைத் தமிழாக்கச் சிலர் மின்னஞ்சல் வழியாகச் சேர்ந்திருக்கிறார்கள் என்பதுதான் அன்றைய பெரிய செய்தி. ஃபைலைக் 'கோப்பு' என்று போடலாமா என ஒரே சத்தம்.

"கோப்புன்னா தாலுக்கா ஆபீஸ் நாபகம் வருதுங்க. தொறக்கவே பயமா இருக்குது" என்றார் பழனிச்சாமி.

மில் பெண்களின் தேர்வைப் பற்றிச் சரோஜா சொன்னதும் எங்கள் டப்பாவை வாங்கிக்கொண்டவர் மேரி. ஒரு மில்லின் கணினிப் பிரிவில் வேலை செய்பவர், முப்பது வயதிருக்கும். வெளிநாட்டில் படிக்கும் ஒரு தமிழ் மாணவர், ஒரு எழுத்துருவில் இருப்பதை இன்னொன்றுக்கு மாற்றும் நிரல் எழுதி, அதன் உள்ளே எழுதிய கட்டளை வரிகளையும் எவரும் பார்க்கத் திறந்தே கொடுத்திருந்தார். எங்கள் எழுத்துரு அதில் இல்லை. ஆனால் எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணையை மாற்றிக்கொள்ள முடியும். ஓரத்தில் துணி மடித்து விட்டுத் தைத்த சட்டை போல: பிரித்து, நம் அளவுக்குத் தைத்துக்கொள்ளலாம்.

அச்சான முதல் பாடத்தைச் சரோஜா எழுத்து எழுத்தாக வாசிக்க, திரையில் உள்ள குறியோடு ஒப்பிட்டு மேரி அட்டவணையை நிரப்பினார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓட்டிப் பார்த்தோம். நான்காம் பாடம் தமிழாக வந்து நின்றது. சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் மேரியின் முகம் சுருங்கியது. "எங்கியோ தப்புங்க. மெக்னீசியம் எரியற சமன்பாட்டுல ரெண்டுங்கற எண்ணைக் காணோம். எம்பட அட்டவணை முழுங்கிப்போட்டது."

அரை மணி நேரம் தன் அட்டவணையைத் துருவினார். மற்றவர்களும் வந்து துருவினார்கள். கடைசியில் மூலக் கோப்பில் அந்த வரியைக் குறி குறியாக எண்ணினார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "டீச்சர், தப்பா நெனைச்சுக்காதீங்க. மூலத்துலயே அந்த ரெண்டு இல்லீங்க. எடப்பக்கம் ஆக்சிஜன் ரெண்டு, வலப்பக்கம் ஒண்ணுதான் நிக்குது."

சரோஜா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். "போன வருசப் புள்ளைங்க இப்பிடியேதான் எழுதியிருப்பாங்க" என்றார் மெதுவாக. "பூட்டி பூட்டி வெச்சேன். வேற டீச்சருங்க யாராச்சும் பாத்திருந்தாச் சொல்லியிருப்பாங்க."

பிறகு மேரி பக்கம் திரும்பிக் கேட்டார்: "கண்ணு, இந்த நிரல் எழுதுன பையன் பேரை யாராச்சும் அழிச்சுப்போட்டா?"

மேரி நிரலின் தலைப்பகுதியைக் காட்டினார். எழுதிய மாணவரின் பெயர், அதற்குக் கீழே திருத்தியவர்களின் பெயர்கள். "யாரு வேணா எடுக்கலாம், மாத்தலாம், விக்கவும் செய்யலாமுங்க. பேரை மட்டும் அழிக்கக் கூடாது. அடுத்தவங்க தொறக்க முடியாம பூட்டவும் கூடாது. அந்த நிபந்தனையோடதான் குடுக்கறாங்க."

"மீறுனா?"

"மீறறவங்களும் இருக்காங்க டீச்சர். ஆனா நெசம் எங்க இருக்குதுன்னு எல்லாருக்கும் தெரியுமில்லீங்க?"

நாங்கள் கிளம்பும்போது மேரி அட்டவணையை அந்த மாணவருக்கு அனுப்பத் தயார் செய்துகொண்டிருந்தார். சரோஜா படிவரை வந்தவர் திரும்பிப் போனார். "எம்பட பாடத்தையும் அதோட போட்டுரு அம்மணி. மேல என் பேரை எழுது. தப்பு இருந்தாச் சொல்லணும்னும் எழுது."

திரும்பும் பேருந்தில் அவர் கேள்வியை நான் நினைவூட்டவில்லை. அந்த வாரம் பெண்களுக்குப் பாடம் கிடைத்தது, விட்டுப்போன அந்த எண் இரண்டையும் சேர்த்து. முந்தைய ஆண்டுப் பெண்களில் முகவரி தெரிந்தவர்களுக்கெல்லாம் சரோஜா அஞ்சலட்டையில் சரியான சமன்பாட்டை எழுதி அனுப்பினார்.

இப்படிப் போகிறவர்களுக்கு: கட்டணங்கள் இப்போது மாறியிருக்கும், விசாரித்துக்கொள்ளுங்கள். கோப்போடு அச்சான ஒரு பக்கமாவது எடுத்துப்போங்கள். எங்களுக்கு அதுதான் சாவி. பழுதை மட்டும் சொல்லாமல், எதற்காக அது சரியாக வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். மேரி முழு ஞாயிறையும் கொடுத்தது கோப்புக்காக அல்ல, அந்த மில் பெண்களுக்காக. உதவி கிடைத்தால், என்ன செய்து சரியானது என்பதை எழுதி அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள்.

போவதற்கு முன் ஒன்று செய்யுங்கள்: நீங்கள் எழுதி யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கும் ஒன்றை இன்று ஒருவரிடம் கொடுத்து, அதில் ஒரு தவறு கண்டுபிடித்துத் தரச் சொல்லுங்கள்.